ஒரே மின்தடை, இரண்டு குரல்: எலெக்ட்ரிக் கிட்டார் பிக்கப்களில் எதை ஒப்பிடுகிறோம்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ நகரில் கிப்சன் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கிவந்த காலத்தில் அங்கே உருவான இரண்டு வகைப் பிக்கப்கள் (தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் கருவிகள்), எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைப் பற்றிய எந்தப் பேச்சிலும் இன்றுவரை இடம்பெறுகின்றன. ஒன்று, 1946இல் அறிமுகமான பி-90. மற்றொன்று, சேத் லவர் என்ற பொறியாளர் 1955இல் வடிவமைத்து, 1957 முதல் கிட்டார்களில் பொருத்தப்பட்ட ஹம்பக்கர். இரண்டிலும் சுற்றப்பட்டிருப்பது ஒரே தடிமனுள்ள செம்புக் கம்பி. மொத்தச் சுற்றுகளும் ஏறத்தாழ ஒன்றே, பத்தாயிரம். மல்டிமீட்டரை வைத்து அளந்தால் இரண்டுமே 8 கிலோ ஓம் அளவில்தான் மின்தடை காட்டும். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் கேட்டால், கிட்டார் பழக்கம் இல்லாதவருக்கும் வேறுபாடு தெரிந்துவிடும். பி-90 சற்றுக் கரகரத்து, மீட்டும் கையின் அழுத்தத்தை மறைக்காமல் காட்டிக்கொடுக்கும். ஹம்பக்கர் தடித்து, முனை மழுங்கி, உருண்டு ஒலிக்கும்.

பிக்கப் விற்கும் இடங்களில் முதலில் கண்ணில் படும் எண் இந்த மின்தடைதான். 8 கிலோ ஓம் என்றால் மென்மை, 14 கிலோ ஓம் என்றால் பலம் என்று ஒரு கணக்கு வாங்குபவர் மனத்தில் பதிந்துபோயிருக்கிறது. ஒரே எண்ணுள்ள இரண்டு பிக்கப்கள் இப்படி வேறுவேறாக ஒலிப்பதே அந்தக் கணக்கு போதாது என்பதற்குச் சான்று. பிக்கப் என்பது தந்தியின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் காது வைத்துக் கேட்கும் கருவி. அதே சமயம், வால்யூம் திருகோடும் கேபிளோடும் சேர்ந்து அது ஒரு வடிகட்டியாகவும் இயங்குகிறது. எந்த இடத்தில் கேட்கிறது, எதை வடிகட்டுகிறது என்ற இரண்டையும் பிரித்துப் பார்த்தால் ஒப்பீடுகளில் உள்ள குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

அடிப்படை எளியது. நிலைக்காந்தம் ஒன்று மேலே உள்ள எஃகுத் தந்தியைக் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. அந்த மாற்றத்தின் வேகத்துக்கு ஏற்பச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831இல் ஃபாரடே கண்ட அதே தூண்டல்தான். இதைக் கிட்டாரில் வெற்றிகரமாகப் பயன்படுத்தியவர் ஜார்ஜ் போஷாம். 1931இல் அவர் உருவாக்கி, அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்து, 'வாணலி' என்று செல்லப்பெயர் பெற்ற கிட்டாரில் இரண்டு லாடக் காந்தங்கள் தந்திகளுக்கு மேலாக வளைந்து நின்றன. பிந்தைய வடிவங்களில் காந்தம் தந்திகளுக்குக் கீழே இறங்கியது, கொள்கை மாறவில்லை.

சுருளுக்குப் பயன்படும் கம்பி அமெரிக்க அளவுமுறையில் 42 கேஜ், அதாவது 0.063 மில்லிமீட்டர், தலைமுடியின் அளவுதான். நம் ஊர் மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் கேஜில் 42 என்பது 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல் தடித்தது என்பதால், பழுதான பிக்கப்பை உள்ளூரில் சுற்றக் கொடுப்பவர்கள் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வரக் கூடாது. 8 கிலோ ஓம் மின்தடை தரும் அளவுக்கு அந்த மெல்லிய கம்பியைச் சுற்ற ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளம் தேவைப்படும்.

இவ்வளவு கம்பியை உள்ளங்கைக்குள் அடங்கும் சட்டத்தில் சுற்றும்போது மூன்று மின்பண்புகள் சேர்ந்தே பிறக்கின்றன. முதலாவது மின்தடை. இரண்டாவது தன் மின்தூண்டல் எண், அதாவது மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு. இதன் அலகு ஹென்றி. மூன்றாவது, அருகருகே உள்ள சுற்றுகளுக்கு இடையே உருவாகும் மின்தேக்குத்திறன். கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் கேபிளும் ஒரு மின்தேக்கிதான். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரட். தூண்டலும் மின்தேக்கமும் சேர்ந்த எந்தச் சுற்றிலும் ஒரு ஒத்ததிர்வு இருக்கும். அந்த அதிர்வெண்ணை ஒட்டிய ஒலிகள் சற்று உயர்த்தப்படும். அதற்கு மேலுள்ளவை வேகமாக வெட்டப்படும். உச்சம் எங்கே அமைகிறது, எவ்வளவு கூர்மையாக நிற்கிறது என்ற இரண்டும்தான் 'பளிச்சென்று இருக்கிறது', 'மந்தமாக இருக்கிறது' என்று நாம் சொல்லும் பெரும்பாலானவற்றைத் தீர்மானிக்கின்றன.

இப்போது பி-90ஐயும் ஹம்பக்கரையும் திரும்பப் பார்க்கலாம். ஒரு சுருளின் தன் மின்தூண்டல் எண் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. அதன் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. பத்தாயிரம் சுற்றுகளையும் ஒரே சுருளில் வைத்திருக்கும் பி-90க்கு அது ஆறு, ஏழு ஹென்றி அளவில் அமைகிறது. அதே பத்தாயிரத்தை ஐயாயிரம் ஐயாயிரமாக இரண்டு சுருள்களில் பிரித்துத் தொடராக இணைத்தால், வேறெதுவும் மாறாத நிலையில் கணக்குப்படி பாதிதான் வர வேண்டும். இரும்புப் பாகங்களும் சட்டத்தின் அளவுகளும் வேறானவை என்பதால் ஹம்பக்கரில் அது சரியாகப் பாதியாக இல்லாமல் நாலு, ஐந்து ஹென்றியில் நிற்கிறது. மின்தடையோ கம்பியின் நீளத்தை மட்டுமே பார்ப்பதால் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. சுருளுக்குள்ளேயும் கேபிளிலுமாக மொத்தம் 600 பிக்கோ ஃபாரட் மின்தேக்கம் இருப்பதாகக் கொண்டால், 6.5 ஹென்றி உள்ள பி-90இன் உச்சம் 2,550 ஹெர்ட்ஸ் அருகிலும், 4.5 ஹென்றி உள்ள ஹம்பக்கரின் உச்சம் 3,060 ஹெர்ட்ஸ் அருகிலும் விழும்.

இங்கே வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். உச்சம் தாழ்வாக இருக்கும் பி-90தானே மந்தமாக ஒலிக்க வேண்டும், ஏன் அது கூர்மையாகக் கேட்கிறது? அதற்கு விடை உச்சத்தின் உயரத்தில் இருக்கிறது. மாறும் காந்தப்புலத்தில் இருக்கும் எந்த உலோகப் பாகத்திலும் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, உயர் அதிர்வெண்களின் ஆற்றலை உண்டுவிடும். உலோக மூடி போட்ட ஹம்பக்கரில் மூடி, அடித்தகடு, சுருளுக்குள் நிற்கும் எஃகுத் துருவங்கள் எல்லாம் சேர்ந்து உச்சத்தைத் தட்டையாக்குகின்றன. பிளாஸ்டிக் மூடி கொண்ட பி-90இல் இந்த இழப்பு குறைவு. அதன் உச்சமோ மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்குள் எடுப்பாக நிற்கிறது. அந்தக் கரகரப்பில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

சேத் லவர் இதை அறியாதவர் அல்லர். மூடிக்கு அவர் தேர்ந்தெடுத்தது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். நம் பாத்திரக் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்பார்களே, அதே வகை. பித்தளையைவிட அதன் மின்தடை அதிகம் என்பதால் சுழல் மின்னோட்டம் குறையும், உயர் ஒலிகள் தப்பும். மலிவான நகல்கள் பலவற்றில் பித்தளை மூடி இருப்பதையும், அவை போர்வைக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் கேட்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் எடுத்த முடிவின் மதிப்பு புரியும். மூடியைக் கழற்றினால் ஒலி திறக்கும் என்று 1960களில் கிட்டார் கலைஞர்கள் அதைக் கழற்றத் தொடங்கியது முழு மூடநம்பிக்கை இல்லை. ஆனால் மூடி ஜெர்மன் சில்வராக இருந்தால் கிடைக்கும் மாற்றம் சிறியது.

லவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒலியை மாற்றுவது அன்று, இரைச்சலை ஒழிப்பது. ஒற்றைச் சுருள் எதுவானாலும் சுற்றியுள்ள மின்கம்பிகள், டிரான்ஸ்ஃபார்மர்கள், விளக்குகள் ஆகியவற்றின் காந்தப்புலத்தையும் பிடித்துவிடும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ், அவற்றோடு அவற்றின் மடங்குகள் என்று உறுமல் ஓயாது. லவர் இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, அவற்றின் காந்த முனைகளை எதிரெதிராக்கி, மின் இணைப்பையும் எதிரெதிராக்கினார். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் எதிர்க்குறியோடு தோன்றித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். தந்தியின் சமிக்ஞை இரு முறை திருப்பப்படுவதால் கூடிக்கொள்ளும். ஏறத்தாழ அதே காலத்தில் ரே பட்ஸ் என்பவரும் கிரெட்ஷ் நிறுவனத்துக்காக இதே கருத்தில் ஒரு பிக்கப்பை உருவாக்கினார். அவருடையதில் சுற்றுகள் குறைவு என்பதால் ஒலி கணகணவென்று தெளிந்து நிற்கும். இரைச்சலைத் தீர்க்கும் வழி ஒன்றாக இருந்தும் குரல் இரண்டானது.

லவர் 1955இல் விண்ணப்பித்த காப்புரிமை 1959இல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொற்றொடரை அச்சிட்ட சிறு ஒட்டி பிக்கப்பின் அடியில் ஒட்டப்பட்டது. அதன் முதலெழுத்துகளே பின்னர் 'பி.ஏ.எஃப்.' என்ற மந்திரச் சொல்லாயின. காப்புரிமை கிடைத்தபின் கிப்சன் அச்சிட்ட எண் 27,37,842. அது பிக்கப்பின் எண்ணே அல்ல. கிட்டார் கலைஞர் லெஸ் பால் பெற்றிருந்த தந்தி தாங்கியின் காப்புரிமை எண். காப்புரிமை வரைபடத்தில் துருவத் திருகுகளும் இல்லை. ஏற்றி இறக்கும் திருகு இருந்தால் கடைக்காரரிடம் பேச ஒரு விஷயம் கிடைக்கும் என்று விற்பனைப் பிரிவினர் கேட்டதால் சேர்க்கப்பட்டவை அவை.

அந்தப் பழைய பி.ஏ.எஃப். பிக்கப்களுக்கு இன்று சொல்லப்படும் விலைகளைக் கேட்டால் அவற்றுக்கு ஒரே ஒரு தெய்வீகக் குரல் இருந்ததாகத் தோன்றும். உண்மையில் அவை ஒன்றுபோல் ஒன்று இருந்ததில்லை. கையில் கிடைத்த அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகக் கலவை) காந்தங்கள் வகை பாராமல் பொருத்தப்பட்டன. சுற்றுகளும் ஒவ்வொரு சட்டத்திலும் கூடிக் குறைந்தன. ஒரு பிக்கப்பின் இரண்டு சுருள்களிலேயே எண்ணிக்கை வேறுபடுவதுண்டு. அப்படி வேறுபட்டால் இரைச்சல் முழுதாக அழியாது. கூடவே சில உயர் ஒலிகளும் தப்பிப் பிழைக்கும். புதிதாகப் பிக்கப் செய்வோர் இன்று வேண்டுமென்றே ஒரு சுருளைக் கூடுதலாகச் சுற்றுவதற்கு இதுவே காரணம். ஆகவே 'பி.ஏ.எஃப். போல ஒலிக்கிறதா' என்று ஒன்றை ஒப்பிடுபவர், எந்த பி.ஏ.எஃப். என்ற கேள்வியை முதலில் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஹம்பக்கர் மந்தமாக ஒலிப்பதற்கு மற்றொரு காரணமும் அடிக்கடி சொல்லப்படும். இரண்டு சுருள்கள் தந்தியை இரண்டு இடங்களில் கேட்கின்றன. ஓர் அலையின் மேடு ஒரு சுருள்மீதும் பள்ளம் மற்றதன்மீதும் அமைந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பது அந்த வாதம். கொள்கையளவில் சரிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சுருள்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 18 மில்லிமீட்டர் என்று கொண்டால், அழிய வேண்டிய அலையின் நீளம் 36 மில்லிமீட்டர். 628 மில்லிமீட்டர் நீளமுள்ள கிப்சன் தந்தியில் அது 35ஆவது சீரிசை, அதாவது அடிப்படைச் சுரத்தைப் போல 35 மடங்கு அதிர்வெண்ணுள்ள ஒலி. தடித்த ஆறாம் தந்தியின் 82 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 2,900 ஹெர்ட்ஸ். அங்கே விளைவு நிச்சயம் காதில் விழும். மெல்லிய முதல் தந்தியின் 330 ஹெர்ட்ஸுக்கோ அது 11,500 ஹெர்ட்ஸ். கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் 12 அங்குல ஒலிபெருக்கி 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும் என்பதால், அந்த இழப்பைக் கேட்க வழியே இல்லை. ஆக, இரண்டு இடங்களில் கேட்பது தடித்த கீழ்த்தந்திகளின் உலோகச் சீறலை அடக்குகிறது. மேல்தந்திகளின் குரலில் நாம் கேட்கும் வேறுபாட்டுக்கு வடிகட்டியைத்தான் பொறுப்பாக்க வேண்டும்.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் சென்ற வழி முற்றிலும் வேறு. கிப்சன் பிக்கப்களில் தட்டைக் காந்தம் அடியில் கிடக்க, எஃகுத் துருவங்கள் அதன் புலத்தை மேலே கொண்டுவரும். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில், 1954இல் அது வந்த நாள்தொட்டு, ஆறு அல்நிகோ உருளைகளே துருவங்கள். சுருள் அவற்றைச் சுற்றியே இருக்கிறது. சுற்றுகள் எட்டாயிரம் அளவு, மின்தடை 6 கிலோ ஓம் அளவு. எஃகைவிட அல்நிகோ காந்தப்புலத்தை ஊடுருவ விடுவது குறைவு என்பதால் தன் மின்தூண்டல் எண் 2.4 ஹென்றி அளவிலேயே நின்றுவிடுகிறது. முன்பு கொண்ட அதே 600 பிக்கோ ஃபாரட் மின்தேக்கத்தோடு உச்சம் 4,200 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. மூடி பிளாஸ்டிக், அடியில் உலோகத் தகடு இல்லை. உச்சம் கூர்மையாகவே நிற்கிறது. கண்ணாடிபோல் என்று ஸ்ட்ராட் ஒலியை வருணிப்பதன் பின்னணி இவ்வளவுதான்.

அதே தொழிற்சாலையின் டெலிகாஸ்டர் இதற்கு நல்ல எதிர்ச்சான்று. அதன் பிரிட்ஜ் பிக்கப், அதாவது கிட்டார் உடலில் தந்திகள் தாங்கி நிற்கும் பிரிட்ஜை ஒட்டி இருப்பது, ஸ்ட்ராட்டின் சுருளுக்கு நெருங்கிய உறவு. ஆனால் அடியில் செம்பு முலாம் பூசிய எஃகுத் தகடு ஒட்டப்பட்டு, பிக்கப் முழுதும் அகன்ற எஃகு பிரிட்ஜ் தட்டுக்குள் தொங்குகிறது. எஃகு தூண்டலை உயர்த்தி, புலத்தின் வடிவத்தையும் மாற்றுவதால் ஒலிக்குக் கூடுதல் கனம் சேர்கிறது. கிட்டாரின் கழுத்தை ஒட்டி இருக்கும் நெக் பிக்கப்போ உலோக மூடிக்குள் அடங்கி, சுழல் மின்னோட்டத்துக்கு இரையாகி, மென்மையாகப் பேசுகிறது. டெலிகாஸ்டரில் இந்த இரண்டும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் போல ஒலிப்பதற்குச் சுருள்களைக் காட்டிலும் அவற்றைச் சுற்றியிருக்கும் உலோகமே காரணம்.

ஸ்ட்ராட்டின் காந்த உருளைகள் ஒரே உயரத்தில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். 1950களில் மூன்றாம் தந்தியும் கம்பி சுற்றிய தந்தியாக இருந்தது. அதன் எஃகுக் கரு மெல்லியது என்பதால் ஒலி தாழ்ந்தது. ஈடுகட்ட அதன் உருளை உயர்த்தப்பட்டது. இன்று மூன்றாம் தந்தி வெற்றுத் தந்தியாகிவிட்டது. உருளையின் உயரத்தையோ பழைமைப் பற்றுள்ள வடிவமைப்புகள் அப்படியே வைத்திருக்கின்றன. ஆகவே அவற்றில் மூன்றாம் தந்தி மட்டும் அடிக்கடி துருத்திக்கொண்டு கேட்கும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துத் தந்திகளை மாற்றிக் கட்டியபோது இந்த உயர வரிசையும், பிரிட்ஜ் பிக்கப்பின் சாய்வும் அவருக்குத் தலைகீழாயின. கீழ்த்தந்திகள் பிரிட்ஜுக்கு நெருக்கமாகவும் மேல்தந்திகள் சற்று விலகியும் கேட்கப்பட்டன.

அந்தச் சாய்வு நம்மை இடத்தின் கணக்குக்குக் கொண்டுவருகிறது. 648 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்ட்ராட் தந்தியில் நெக் பிக்கப் பிரிட்ஜிலிருந்து சுமார் 162 மில்லிமீட்டரில், அதாவது தந்தியின் கால்பங்கில் இருக்கிறது. வெறும் தந்தியை மீட்டினால் நான்காம் சீரிசையின் கணு, அதாவது அசையாத புள்ளி, சரியாக அங்கே விழுவதால், அந்தச் சீரிசை ஏறக்குறைய கேட்காமல் போகும். பிரிட்ஜ் பிக்கப் சுமார் 40 மில்லிமீட்டரில் நிற்கிறது. பதினாறாவது சீரிசை வரை அதற்குக் கணுத் தொல்லை இல்லை. ஆனால் தந்தி அந்த இடத்தில் அதிகம் அசைவதில்லை. அடிப்படைச் சுரத்தின் அலைவைக் கணக்கிட்டால், நெக்கில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் பிரிட்ஜில் கிடைக்கும். பிரிட்ஜ் பிக்கப் மெலிந்தும் கீச்சிட்டும் ஒலிப்பதும், அதற்கென்றே கூடுதல் சுற்றுகளுடன் பிக்கப் விற்கப்படுவதும் இதனால்தான். ஒரே கிட்டாரில் ஒரே மாதிரிப் பிக்கப்களின் இடையே சுவிட்சைத் தள்ளும்போது கேட்கும் மாற்றம், அதே இடத்தில் இரண்டு நிறுவனங்களின் பிக்கப்களை மாற்றிப் பொருத்தும்போது கேட்கும் மாற்றத்தைவிடப் பெரும்பாலும் பெரியது.

காந்த வகையைப் பற்றிய பேச்சில் எனக்குச் சற்றுப் பொறுமை குறைவு. அல்நிகோ 2 இனிமை, அல்நிகோ 5 துடிப்பு, செராமிக் கடுமை என்று மிட்டாய்ச் சுவைபோல் பட்டியலிடுவார்கள். காந்தத்தின் வலிமை சமிக்ஞையின் அளவையும் தந்தியை இழுக்கும் விசையையும் மாற்றும். தூண்டலையும் ஓரளவு மாற்றும். ஆனால் செராமிக்குக்குக் கிடைத்த கெட்ட பெயரில் பெரும்பங்கு, அது யாரோடு சேர்ந்தது என்பதால் வந்தது. லாரி டிமார்சியோ 1972இல் கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப்பில் செராமிக் காந்தம் இருந்தது; கூடவே மின்தடை 13 கிலோ ஓமைத் தாண்டும் அளவுக்குச் சுற்றுகளும் இருந்தன. அதன் நோக்கமே வால்வு ஆம்ப்ளிஃபயரின் முதல் கட்டத்தை முட்டித் தள்ளி உடைந்த ஒலியை வரவழைப்பது. இவ்வகைப் பிக்கப்பில் தூண்டல் 8 ஹென்றி என்று கொண்டால் உச்சம் 2,300 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கேட்பவர் உணரும் மாற்றத்தில் காந்தத்தின் பங்கு எவ்வளவு, சுருளின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் பழியைக் காந்தத்தின்மேல் போடுவது நியாயமில்லை.

மின்கலத்தோடு இயங்கும் ஆக்டிவ் பிக்கப்கள் இந்தக் கணக்கிலிருந்தே விலகி நிற்பவை. 1976இல் தொடங்கிய இ.எம்.ஜி. நிறுவனத்தின் வடிவமைப்புகளில் சுருளுக்குப் பின்னால் ஒரு முன்பெருக்கி பிக்கப்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். 9 வோல்ட் பேட்டரி அதை இயக்கும். வடிகட்டலை உள்ளேயே முடித்துவிட்டுக் குறைந்த மின்மறுப்போடு சமிக்ஞை வெளிவருவதால் கேபிள் எவ்வளவு நீளமானாலும் ஒலி மாறாது.

மற்ற பிக்கப்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2.4 ஹென்றி ஸ்ட்ராட் பிக்கப்பை 3 மீட்டர் கேபிளில் இணைத்தால் உச்சம் சுமார் 5,100 ஹெர்ட்ஸ். 6 மீட்டர் கேபிளில் சுமார் 3,900 ஹெர்ட்ஸ். பிக்கப்பையே மாற்றியதுபோன்ற வேறுபாடு இது. வால்யூம் திருகின் மதிப்பும் அப்படியே. ஃபெண்டரின் ஒற்றைச் சுருள்களுக்கு 250 கிலோ ஓமும் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓமும் பொருத்துவது வழக்கம். மதிப்பு குறையக் குறைய உச்சம் தட்டையாகும். ஸ்ட்ராட்டில் இருந்த 250 கிலோ ஓம் திருகை மாற்றாமல் ஹம்பக்கரை மட்டும் பொருத்திவிட்டு, வாங்கிய பிக்கப் மந்தம் என்று தீர்ப்புச் சொல்பவர்கள் குறைவில்லை. மின்தடையை ஒப்பிடுவோர் வெப்பநிலையையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: செம்பின் மின்தடை ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு ஏறும் என்பதால், 20 பாகையில் 8 கிலோ ஓம் காட்டிய பிக்கப் சென்னையின் 35 பாகையில் 8.5 கிலோ ஓமை நெருங்கும். ஒலியில் மாற்றம் தெரியாது. எண்ணை நம்பி வாங்குபவருக்கு மட்டும் மனக்கலக்கம் மிஞ்சும்.

ஹம்பக்கரை ஒரு சுவிட்சால் பாதியாக்கினால் ஸ்ட்ராட் கிடைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் இதே குழப்பத்தின் பிள்ளை. பாதியாக்கினால் மிஞ்சுவது ஐயாயிரம் சுற்றுகள், எஃகுத் துருவங்கள், அடியில் ஒரு தட்டைக் காந்தம். சுற்றுகள் குறைந்ததால் சமிக்ஞை மெலிகிறது. எஃகின் சுழல் மின்னோட்டத்தால் உச்சம் தணிகிறது. உறுமலோ முழுதாகத் திரும்பி வந்துவிடுகிறது. இரண்டு சுருள்களையும் இணையாக இணைப்பது அதைவிட நல்ல சமரசம். தூண்டல் தொடர் இணைப்பில் இருந்ததில் கால்பங்காகக் குறைந்து ஒலி தெளியும். உறுமலும் அழிந்தே இருக்கும்.

இவ்வளவு மாறிகள் இருக்கையில் நேர்மையாக ஒப்பிடுவது எளிதன்று. பெரும்பாலான ஒப்பீடுகளைக் கெடுப்பது ஒலியளவு. செவியின் நுட்பம் ஒலியளவுக்கு ஏற்ப மாறுவதை ஃபிளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டினர். ஒலி கூடும்போது அடித்தளம் நிறைந்ததாகத் தோன்றும். ஆகவே அதிக சமிக்ஞை தரும் பிக்கப் எப்போதும் சில அடி முன்னதாகவே ஓடத் தொடங்குகிறது. டிஸ்டார்ஷன் வைத்து ஒப்பிட்டால் இன்னும் மோசம். கூடுதல் சமிக்ஞை ஆம்ப்ளிஃபயரை வேறு நிலைக்குத் தள்ளிவிடுவதால், நாம் கேட்பது ஆம்ப்ளிஃபயரின் மாற்றத்தை. சமிக்ஞையை நேரடியாகப் பதிவுசெய்து, அளவைச் சமப்படுத்தி, அதன்பின் ஒரே ஆம்ப்ளிஃபயரின் வழியே செலுத்தி, எது எது என்று தெரியாமல் கேட்டால், பகலும் இரவும்போல் வேறுபடுவதாகச் சொல்லப்பட்ட பல இணைகள் அண்ணன் தம்பியாகிவிடும். மீட்டும் கையின் இடம் ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே சீரிசைகளின் கலவை மாறிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

உயரத்தையும் சமப்படுத்த வேண்டும். தந்திக்கும் துருவத்துக்கும் இடையே 2 மில்லிமீட்டர் அளவில் இடைவெளி விடுவது வழக்கம். அரை மில்லிமீட்டர் மாற்றமே காதுக்குத் தெரியும். அதிகம் நெருக்கினால், அதிலும் ஸ்ட்ராட்டின் வலிய அல்நிகோ 5 உருளைகளில், காந்தம் தந்தியைப் பிடித்து இழுத்து, மேல் ஃபிரெட்களில் தடித்த தந்திகளின் சுருதியே அலையத் தொடங்கும். புதுப் பிக்கப் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது ஒரு ஸ்க்ரூ டிரைவர் என்பேன்.

தனித்தனியாக ஒப்பிடுவதில் முழுதும் நழுவிப்போவது பிக்கப்களின் கூட்டு. ஸ்ட்ராட்டில் முதலில் இருந்தது மூன்று நிலைச் சுவிட்ச். ஒரு நேரத்தில் ஒரு பிக்கப் என்பதே வடிவமைத்தவரின் எண்ணம். வாசிப்பவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே சிக்கவைத்து, இரண்டு பிக்கப்கள் சேர்ந்து தரும் குழிந்த ஒலியைக் கண்டுகொண்டார்கள். 1977இல் ஃபெண்டர் ஐந்து நிலைச் சுவிட்சைப் பொருத்தியது. அந்த ஒலியை எதிர்க்கட்டம் (ஒரு பிக்கப்பின் சமிக்ஞை மற்றதற்குத் தலைகீழாக இருப்பது) என்று அழைக்கும் பழக்கம் நீடிக்கிறது. உண்மையில் இரண்டும் ஒரே கட்டத்தில்தான் இணைந்திருக்கின்றன, வேறு இடங்களில் கேட்பதால் சில சீரிசைகள் அழிகின்றன. நிஜமான எதிர்க்கட்ட ஒலிக்குப் புகழ்பெற்றது கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 கிப்சன் லெஸ் பால் கிட்டார். அதன் நெக் பிக்கப்பில் காந்தம் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அந்தப் பிக்கப்பைத் தனியாக வாசித்தால் குறை எதுவும் தெரியாது. மல்டிமீட்டரும் வழக்கமான எண்ணையே காட்டும். சுவிட்சை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்தால் மட்டும் அடித்தளம் உதிர்ந்து, மூக்கால் பாடுவதுபோன்ற மெலிந்த ஒலி எழும். கிரீனுக்குப் பின் கேரி மூரிடமும், 2014இல் கர்க் ஹாமெட்டிடமும் அந்தக் கிட்டார் சென்றது. அதைத் தேடிப்போக வைத்ததும் அந்த நடுநிலை ஒலிதான்.